தனிம வரிசை அட்டவணையை மனப்பாடம் செய்யாமல் படிக்கக் கற்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

பள்ளிப் படிப்பை முடித்துப் பல ஆண்டுகளுக்குப் பிறகு வேதியியலை மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டிய தேவை எனக்கு ஏற்பட்டது. 118 தனிமங்களின் பெயர்களையும் வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்துவிட்டால் அட்டவணை வசப்பட்டுவிடும் என்று நம்பி, இரண்டு மாதங்கள் அதற்காகவே செலவிட்டேன். அதன் பிறகு, செலினியம் ஹைட்ரஜனோடு எந்த விகிதத்தில் சேரும் என்று ஒரு பயிற்சிக் கேள்வி வந்தது. செலினியம் 34ஆவது தனிமம் என்பது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் ஒரு சொல்லும் எழுத முடியவில்லை. அந்தக் கேள்விக்கான விடை அட்டவணையிலேயே இருந்தது என்பதும், அதை எடுக்கும் வழியைத்தான் நான் கற்கவில்லை என்பதும் பிறகுதான் விளங்கியது. அந்த வழியைக் கற்க எனக்கு மூன்று வாரங்கள் போதுமானதாக இருந்தன. நீங்கள் அந்த இரண்டு மாதங்களை இழக்கக் கூடாது என்பதற்காக, எந்த வரிசையில் நான் கற்றிருக்க வேண்டுமோ அந்த வரிசையில் படிகளைக் கீழே தருகிறேன்.

1. சரியான அட்டவணையைத் தேர்ந்தெடுங்கள்

உங்களுக்குத் தேவையான ஆவணம் ஒன்றே ஒன்றுதான்: நம்பத்தக்க, அண்மைக்கால அட்டவணை ஒன்றின் அச்சுப்படி. தூய மற்றும் பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம், அதாவது ஐயூபிஏசி, தன் அட்டவணையை இலவசமாகவே வெளியிடுகிறது. அதை ஒரு தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள்; அதனுடன் கட்டங்கள் மட்டும் இருக்கும் வெற்று அட்டவணையில் ஐந்தாறு படிகளும், ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும். பளபளப்பான சுவர்ப் படத்துக்கோ கட்டணச் செயலிக்கோ பணம் செலவிட வேண்டியதில்லை. ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு படம் போட்ட அட்டவணைகள் பார்க்க அழகாக இருந்தாலும், தொடக்கத்தில் கவனத்தைத் தனித்தனிப் பொருள்களின் மீது திருப்பி, அவற்றுக்கு இடையிலான ஒழுங்கை மறைத்துவிடுகின்றன என்பது என் அனுபவம்.

பழைய அட்டவணை கையில் இருந்தால் மூன்று இடங்களைச் சரிபாருங்கள். முதலாவது, 113, 115, 117, 118 ஆகிய கட்டங்கள். இவற்றுக்கு நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னசின், ஓகனெசான் என்னும் பெயர்கள் 2016இல்தான் உறுதியாயின; அந்தக் கட்டங்களில் மூன்றெழுத்துத் தற்காலிகக் குறியீடுகள் இருந்தால் உங்கள் படி அதற்கு முந்தையது. இரண்டாவது, தொகுதி எண்கள். இன்றைய முறையில் நெடுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 18 வரை நேரடியாக எண் இடப்படுகிறது. பழைய நூல்களிலோ ரோமன் எண்ணுடன் ஏ, பி என்னும் எழுத்துகள் இருக்கும்; இந்த எழுத்துகளை அமெரிக்க நூல்கள் ஒரு விதமாகவும் ஐரோப்பிய நூல்கள் வேறு விதமாகவும் பயன்படுத்தியதால், ஒரே பெயர் இரு நூல்களில் இரு வேறு தொகுதிகளைக் குறிக்கக்கூடும். இரண்டு நூல்களை அருகருகே வைத்துப் படிப்பவர்கள் இதில்தான் அதிகம் குழம்புகிறார்கள். மூன்றாவது, வண்ணங்கள். எந்த வண்ணம் எதைக் குறிக்கும் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒரு படத்தில் மஞ்சள் உலோகப்போலியைக் குறிக்கலாம், இன்னொன்றில் மந்த வாயுவைக் குறிக்கலாம். ஆகவே வண்ணத்தை வைத்து எதையும் மனத்தில் பதிக்காதீர்கள். இடத்தை வைத்துப் பதியுங்கள்.

2. ஒரு கட்டத்துக்குள் இருப்பதைப் பிரித்தறியுங்கள்

ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது மூன்று செய்திகள் இருக்கும். அவற்றுள் முழு எண்ணாக இருப்பது அணு எண். அது அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. மின்சுமையற்ற அணுவில் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையும் அதுவே. அட்டவணை முழுவதும் இந்த எண்ணின் வரிசையில்தான் அமைந்திருக்கிறது, வேறு எதன் வரிசையிலும் இல்லை.

தசமப் புள்ளியுடன் வருவது அணு நிறை. இயற்கையில் கிடைக்கும் ஐசோடோப்புகளின், அதாவது ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணு வகைகளின், சராசரி என்பதால் அது முழு எண்ணாக இருப்பதில்லை. குளோரினின் அணு நிறை 35.45 என்று இருப்பதற்குக் காரணம், அதன் அணுக்களில் ஏறத்தாழ 76 விழுக்காடு நிறை எண் (புரோட்டான்கள், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை) 35 கொண்டவையாகவும், 24 விழுக்காடு நிறை எண் 37 கொண்டவையாகவும் இருப்பதுதான். 35.45 நிறையுள்ள தனி ஒரு குளோரின் அணு எங்கும் கிடையாது.

அணு நிறையும் வரிசையாக ஏறிக்கொண்டே போகும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆர்கான் 39.95, அடுத்து வரும் பொட்டாசியம் 39.10, கோபால்ட் 58.93, அடுத்து நிக்கல் 58.69, டெலூரியம் 127.60, அடுத்து அயோடின் 126.90. இந்த இடங்களில் நிறை இறங்குகிறது, அணு எண் மட்டும் ஒழுங்காக ஏறுகிறது. முதன்முறை இதைக் கண்டபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

அடைப்புக்குறியிலும் ஒரு சிக்கல் உண்டு. பல அட்டவணைகளில், அடைப்புக்குறிக்குள் ஒற்றை முழு எண் இருந்தால் அந்தத் தனிமத்துக்கு நிலையான ஐசோடோப்பு இல்லை என்றும், நீண்ட நாள் நிலைக்கும் ஐசோடோப்பின் நிறை எண் தரப்பட்டுள்ளது என்றும் பொருள். அட்டவணையின் நடுவே இருக்கும் 43ஆம் தனிமமான டெக்னீசியமும் 61ஆம் தனிமமான புரோமீத்தியமும் இவ்வகையைச் சேர்ந்தவையே. ஆனால் ஐயூபிஏசி அட்டவணையில் ஹைட்ரஜன், கார்பன் போன்றவற்றுக்கு அடைப்புக்குறிக்குள் இரண்டு தசம எண்கள் இருக்கும். அது, பொருள் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து அணு நிறை அந்த இரண்டு எல்லைகளுக்குள் சற்றே மாறும் என்பதைக் காட்டுவது. அதற்கும் கதிரியக்கத்துக்கும் தொடர்பில்லை.

குறியீடு ஆங்கிலப் பெயரோடு பொருந்தாத தனிமங்கள் 11: சோடியம், பொட்டாசியம், இரும்பு, தாமிரம், வெள்ளி, வெள்ளீயம், ஆன்டிமணி, டங்ஸ்டன், தங்கம், பாதரசம், ஈயம். இவற்றின் குறியீடுகள் நேட்ரியம், காலியம், பெர்ரம், கியூப்ரம், வுல்ஃப்ராம் போன்ற வேறு பெயர்களிலிருந்து வந்தவை. பொட்டாசியத்தைக் குறிக்கும் காலியம் என்னும் அந்தப் பெயரையும், 31ஆம் தனிமத்தின் பெயரையும் தமிழில் ஒரே மாதிரி எழுத நேர்வதால், எங்கு கண்டாலும் அணு எண்ணையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பதினொன்றை மட்டும் தனித்தாளில் எழுதி வைத்தால் போதும்.

3. ஏழு எண்களை மட்டும் மனத்தில் நிறுத்துங்கள்

2, 10, 18, 36, 54, 86, 118. அட்டவணையில் மனப்பாடம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இவை 18ஆம் தொகுதியிலுள்ள ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான், ஓகனெசான் ஆகியவற்றின் அணு எண்கள். ஒவ்வொன்றும் ஒரு தொடரின், அதாவது ஒரு கிடை வரிசையின், கடைசிக் கட்டம். இந்த ஏழு எண்கள் தெரிந்தால் எந்த அணு எண்ணைக் கொடுத்தாலும் அட்டவணையைப் பார்க்காமலேயே அதன் முகவரியைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில், கொடுக்கப்பட்ட எண் எந்த இரண்டு எண்களுக்கு நடுவில் விழுகிறது என்று பாருங்கள். அது தொடரைச் சொல்லிவிடும். பிறகு, கீழ் எல்லையாக உள்ள எண்ணை அதிலிருந்து கழியுங்கள். கிடைக்கும் மீதி 1 அல்லது 2 என்றால் அதுவே தொகுதி எண்; இது இரண்டாம் தொடர் முதல் ஏழாம் தொடர் வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும். மீதி அதைவிட அதிகமாக இருந்தால், இரண்டாம், மூன்றாம் தொடர்களில் 10ஐக் கூட்ட வேண்டும். நான்காம், ஐந்தாம் தொடர்களில் மீதியே தொகுதி எண். ஆறாம், ஏழாம் தொடர்களில் மீதி 3 முதல் 17 வரை இருந்தால் அந்தத் தனிமம் கீழே தனியாக வைக்கப்பட்டிருக்கும் இரண்டு பட்டைகளில் ஒன்றில் இருக்கிறது, 18 அல்லது அதற்கு மேல் இருந்தால் 14ஐக் கழிக்க வேண்டும்.

இரும்பின் அணு எண் 26. அது 18க்கும் 36க்கும் நடுவில் விழுவதால் நான்காம் தொடர். மீதி 8, ஆகவே எட்டாம் தொகுதி. அலுமினியம் 13: மூன்றாம் தொடர், மீதி 3, பத்தைக் கூட்டினால் 13ஆம் தொகுதி. தங்கம் 79: ஆறாம் தொடர், மீதி 25, அதிலிருந்து 14 போக 11ஆம் தொகுதி. தாமிரம் 29, வெள்ளி 47 ஆகியவற்றுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டும் 11இல் வந்து நிற்கும். யுரேனியம் 92: மீதி 6, ஆகவே கீழ்ப்பட்டை. இருபது எண்களுக்கு இப்படிப் போட்டுப் பார்க்க அரை மணி நேரம் போதும். இந்தப் படியைத் தாண்டிச் செல்லாதீர்கள். பின்னால் வரும் அனைத்தும் இதன் மேல்தான் நிற்கின்றன.

4. தொடர்களின் நீளம் ஏன் மாறுகிறது என்பதில் நேரம் செலவிடுங்கள்

ஏழு தொடர்களின் நீளம் முறையே 2, 8, 8, 18, 18, 32, 32. கூட்டினால் 118. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பது விளங்கினால் அட்டவணையின் விசித்திரமான உருவமும், இடப்புறம் ஏன் இரண்டு கோபுரங்கள், நடுவில் ஏன் பள்ளம், கீழே ஏன் தனிப்பட்டைகள் என்பதும் தானாகவே விளங்கும்.

எலக்ட்ரான்கள் கருவைச் சுற்றிக் கூடுகளிலும், கூட்டுக்குள் துணைக்கூடுகளிலும் அமைகின்றன. எஸ் துணைக்கூட்டில் 2, பி துணைக்கூட்டில் 6, டி துணைக்கூட்டில் 10, எஃப் துணைக்கூட்டில் 14 எலக்ட்ரான்கள் கொள்ளும். இப்போது அட்டவணையின் அகலத்தை அளந்து பாருங்கள். இடப்பக்கத்தில் 2 நெடுக்கு வரிசைகள், வலப்பக்கத்தில் 6, நடுவில் 10, கீழ்ப்பட்டையில் 14 கட்டங்களின் அகலம். அட்டவணையின் உருவம் என்பதே துணைக்கூடுகள் நிரம்பும் வரிசையின் படம்தான். எஸ் மட்டும் நிரம்பும் தொடரில் 2 தனிமங்கள். எஸ், பி இரண்டும் நிரம்பினால் 8. டி சேர்ந்தால் 18. எஃப்பும் சேர்ந்தால் 32.

நான் பல நாள் சிக்கிக்கிடந்த இடம் இதுதான்: மூன்றாம் கூட்டில் 18 எலக்ட்ரான்கள் கொள்ளும் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன, அப்படியானால் மூன்றாம் தொடரில் ஏன் 8 தனிமங்கள் மட்டும் இருக்கின்றன? கூடும் தொடரும் ஒன்றே என்று நான் எண்ணியிருந்ததுதான் பிழை. ஆர்கானோடு மூன்றாம் கூட்டின் எஸ்ஸும் பியும் நிரம்பிவிடுகின்றன. அடுத்த எலக்ட்ரான் மூன்றாம் கூட்டின் டி துணைக்கூட்டுக்குப் போகாமல், பொட்டாசியத்தில் நான்காம் கூட்டின் எஸ்ஸுக்குப் போய்விடுகிறது. ஏனென்றால் அந்த இடத்தில் அதற்கு ஆற்றல் குறைவு. நான்காம் கூடு தொடங்கிவிட்டதால் நான்காம் தொடரும் தொடங்கிவிடுகிறது. கால்சியத்தோடு அந்த எஸ் நிரம்பிய பிறகுதான், விட்டுப்போன மூன்றாம் கூட்டின் டி துணைக்கூடு ஸ்கேண்டியம் முதல் துத்தநாகம் வரை நிரம்புகிறது. ஆகவே ஒரு புதிய கூட்டின் முதல் எலக்ட்ரான் எங்கே நுழைகிறதோ அங்கே ஒரு தொடர் தொடங்குகிறது என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். எஃப் துணைக்கூடுகள் இன்னும் தாமதமாக, இரண்டு தொடர்கள் பின்தங்கி நிரம்புகின்றன. 57 முதல் 71 வரையிலான லாந்தனைடுகளும் 89 முதல் 103 வரையிலான ஆக்டினைடுகளும் அந்தப் பகுதியைச் சேர்ந்தவை. அவை கீழே வைக்கப்பட்டிருப்பது தாளின் அகலத்தை மிச்சப்படுத்தத்தான். அவை ஆறாம், ஏழாம் தொடர்களின் உறுப்புகளே.

எஃப் துணைக்கூட்டில் 14 எலக்ட்ரான்கள்தான் கொள்ளும், ஆனால் ஒவ்வொரு பட்டையிலும் 15 கட்டங்கள் இருக்கின்றனவே என்று கேட்டால், அது நல்ல கேள்வி. பதினைந்தில் ஒன்று மூன்றாம் தொகுதிக்கு உரியது. அது பட்டையின் முதல் தனிமமா கடைசித் தனிமமா என்பதில் அட்டவணைகள் வேறுபடுகின்றன. சிலவற்றில் இட்ரியத்தின் கீழ் லாந்தனமும் வேறு சிலவற்றில் லுட்டீசியமும் இருப்பதைக் கண்டால், எது பிழை என்று தேடி நேரத்தைச் செலவிடாதீர்கள்.

குரோமியத்திலும் தாமிரத்திலும் நிரம்பும் வரிசை சற்றே பிறழும். இரண்டிலும் நான்காம் கூட்டின் எஸ் துணைக்கூட்டில் ஓர் எலக்ட்ரான் மட்டும் இருக்கும். இப்போதைக்கு இந்த இரண்டையும் குறித்து வைத்தால் போதும்.

5. தொகுதி எண்ணிலிருந்து நடத்தையைப் படியுங்கள்

ஒரே தொகுதியில் உள்ளவை ஏன் ஒன்றைப்போல் ஒன்று நடந்துகொள்கின்றன என்றால், அவற்றின் வெளிக்கூட்டு எலக்ட்ரான் அமைப்பு ஒன்றாக இருப்பதால்தான். 1, 2 தொகுதிகளில் தொகுதி எண்ணே வெளிக்கூட்டு எலக்ட்ரான்களின் எண்ணிக்கை. 13 முதல் 18 வரை தொகுதி எண்ணிலிருந்து 10ஐக் கழிக்க வேண்டும். 1ஆம் தொகுதியிலுள்ள கார உலோகங்களுக்கு 1, 2ஆம் தொகுதியிலுள்ள காரமண் உலோகங்களுக்கு 2, 17ஆம் தொகுதியிலுள்ள ஹாலஜன்களுக்கு 7, 18ஆம் தொகுதியிலுள்ள மந்த வாயுக்களுக்கு 8. ஹீலியத்துக்கு மட்டும் 2. நடுவிலுள்ள இடைநிலைத் தனிமங்களுக்கு இந்தக் குறுக்குவழியைப் பயன்படுத்த வேண்டாம். அவற்றுள் பல ஒன்றுக்கு மேற்பட்ட இணைதிறன்களைக் காட்டுபவை. இரும்பு 2, 3 என இரண்டு விதமாகவும் சேரும்.

என்னை நிறுத்திவைத்த கேள்விக்கு இப்போது வருவோம். செலினியம் 34, அதிலிருந்து 18 போக 16ஆம் தொகுதி, அதிலிருந்து 10 போக வெளிக்கூட்டில் 6 எலக்ட்ரான்கள், மந்த வாயுக்களைப்போல் எட்டை எட்ட இன்னும் 2 தேவை. ஆகவே ஒரு செலினியம் அணு இரண்டு ஹைட்ரஜன் அணுக்களோடு சேரும். அதே தொகுதியில் மேலே இருக்கும் ஆக்சிஜனும் கந்தகமும் அப்படியே இரண்டிரண்டு ஹைட்ரஜனோடு சேர்கின்றன. இரண்டாம் தொடரில் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், புளூரின் ஆகியவற்றை இதேபோல் எழுதிப் பாருங்கள். ஹைட்ரஜன் எண்ணிக்கை 4, 3, 2, 1 என்று இறங்குவதைக் காண்பீர்கள்.

ஆனால் விகிதம் ஒன்றாக இருப்பதால் எல்லாப் பண்புகளும் ஒன்றாகிவிடும் என்று எண்ணக் கூடாது. கந்தகம், செலினியம், டெலூரியம் ஆகியவற்றின் ஹைட்ரைடுகள், அதாவது ஹைட்ரஜனோடு சேர்ந்த சேர்மங்கள், அறை வெப்பநிலையில் நச்சு வாயுக்கள். ஆக்சிஜனின் ஹைட்ரைடோ தண்ணீர். அதன் மூலக்கூறுகளுக்கு இடையிலான வலுவான ஹைட்ரஜன் பிணைப்பே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். பொதுவாகவே இரண்டாம் தொடர்த் தனிமங்கள் தம் தொகுதியினரிடமிருந்து ஓரளவு விலகியே நிற்கும்.

6. போக்குகளைக் காரணத்தோடு கற்றுக்கொள்ளுங்கள்

ஒரு தொடரில் இடமிருந்து வலமாகப் போகும்போது கருவின் நேர்மின்சுமை கூடுகிறது, புதிய எலக்ட்ரான்களோ அதே கூட்டில் சேர்கின்றன. ஆகவே இழுப்பு வலுத்து அணு சுருங்குகிறது. ஒரு தொகுதியில் கீழே இறங்கும்போது கூடுகள் கூடுவதால் அணு பெரிதாகிறது. மற்றப் போக்குகள் பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்தே கிளைக்கின்றன. அயனியாக்கும் ஆற்றலை, அதாவது ஓர் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கத் தேவையான ஆற்றலை, எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தொகுதியில் அது ஒரு மோலுக்கு லித்தியத்தில் 520 கிலோஜூல், சோடியத்தில் 496, பொட்டாசியத்தில் 419, சீசியத்தில் 376 என்று இறங்குகிறது. சீசியம் தண்ணீரோடு வெடித்து வினைபுரிவதும் லித்தியம் அமைதியாக வினைபுரிவதும் இந்தப் போக்கோடு ஒத்துப்போகின்றன.

கீழே போகப்போக வினைத்திறன் கூடும் என்று பலர் பொதுவிதியாக எழுதி வைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். அது எலக்ட்ரானை இழக்கும் உலோகங்களுக்குச் சரி. எலக்ட்ரானை ஏற்கும் ஹாலஜன்களில் நிலைமை நேர் எதிர்: புளூரினே மிகத் தீவிரமானது, அயோடின் மந்தமானது. விதியை எழுதாமல் காரணத்தை எழுதி வைத்திருந்தால் இந்தப் பிழை நேர்ந்திருக்காது.

போக்குகளில் சிறு முறிவுகளும் உண்டு. இரண்டாம் தொடரில் அயனியாக்கும் ஆற்றல் பெரிலியத்தில் சுமார் 900 ஆக இருந்து போரானில் 801 ஆக இறங்குகிறது. நைட்ரஜனில் 1402 ஆக இருந்து ஆக்சிஜனில் 1314 ஆக இறங்குகிறது. முன்னதில், வெளியேறும் எலக்ட்ரான் சற்று உயர்ந்த ஆற்றலுள்ள பி துணைக்கூட்டில் இருப்பது காரணம்; பின்னதில், பி துணைக்கூட்டில் முதன்முறையாக இரண்டு எலக்ட்ரான்கள் ஓரிடத்தைப் பகிர்ந்து ஒன்றையொன்று விலக்குவது காரணம். தேர்வுகளில் இந்த இரண்டு இடங்களையே தேடித் தேடிக் கேட்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த முறிவு சிர்கோனியமும் ஹாஃப்னியமும். ஒரு தொடர் கீழே இருந்தும் ஹாஃப்னியம் அணு பெரிதாக இல்லை. உலோக ஆரம் இரண்டுக்கும் ஏறத்தாழ 160 பிகோமீட்டர்தான். இடையில் லாந்தனைடுகள் நிரம்பும்போது எஃப் எலக்ட்ரான்கள் கருவின் இழுப்பைச் சரிவர மறைக்காததால் அணு சுருங்கிக்கொண்டே வந்து, கூடுதல் கூட்டால் வர வேண்டிய வளர்ச்சி ஈடாகிவிடுகிறது. அளவு மாறாமல் நிறை மட்டும் கூடுவதால், சிர்கோனியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 6.5 கிராமாக இருக்க, ஹாஃப்னியத்தின் அடர்த்தி 13.3 கிராமாக இருக்கிறது.

7. உலோகமா அலோகமா என்பதை எல்லைக்கோட்டில் பாருங்கள்

போரானில் தொடங்கிப் படிக்கட்டுப்போல் வலப்பக்கம் இறங்கும் கோட்டுக்கு இடப்புறம் இருப்பவை, ஹைட்ரஜன் நீங்கலாக, உலோகங்கள்; வலப்புறம் அலோகங்கள்; போரான், சிலிக்கான், ஜெர்மானியம், ஆர்சனிக், ஆன்டிமணி, டெலூரியம் ஆகியவை எல்லையோர உலோகப்போலிகள். மூன்றாம் தொடரின் ஆக்சைடுகளை வரிசையாகப் பார்த்தால் இந்த எல்லையைக் கடப்பது கண்கூடாகத் தெரியும்: சோடியம், மெக்னீசியம் ஆக்சைடுகள் காரத்தன்மை உள்ளவை, அலுமினியம் ஆக்சைடு அமிலத்தோடும் காரத்தோடும் வினைபுரியும், சிலிக்கான், பாஸ்பரஸ், கந்தகம், குளோரின் ஆக்சைடுகள் அமிலத்தன்மை உள்ளவை. ஹைட்ரஜன் முதல் தொகுதியில் இருந்தாலும் கார உலோகம் அல்ல.

8. வெற்று அட்டவணையில் உங்களைச் சோதியுங்கள்

நாளொன்றுக்கு அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், முதல் இரண்டு படிகளுக்கு மூன்று நாள், மூன்றாம் படிக்கு இரண்டு நாள், நான்காம் படிக்கு ஒரு முழு வாரம், ஐந்தும் ஆறும் ஏழும் சேர்ந்து இன்னொரு வாரம் ஆகும். நான்காம் படியை அவசரப்படுத்தினால் ஆறாம் படியில் திரும்பி வர வேண்டியிருக்கும்.

கடைசி நாள்களில், வெற்றுக் கட்டங்களில் பெயர்களை நிரப்பாதீர்கள். அதற்குப் பதிலாக, முன்பின் படித்திராத ஒரு தனிமத்தின் அணு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் தொடர், தொகுதி, வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள், உலோகமா இல்லையா, குளோரினோடு எந்த விகிதத்தில் சேரும், மேலே உள்ளதைவிட வினைத்திறன் கூடுமா குறையுமா என்னும் ஆறையும் எழுதிய பிறகு நூலைத் திறந்து சரிபாருங்கள். 38ஆம் தனிமத்தில் தொடங்குங்கள்.